ஒரே செர்வர், மூன்று டொமைன், மூன்று ‘இன்ஃபோ’: போஸ்ட்ஃபிக்ஸில் விர்ச்சுவல் அலியாஸ் பிரிப்பது எப்படி?

நெல்லை_நிர்வாகி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் செர்வர்) டெபியன் 12 லினக்ஸ், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் 3.7, பெட்டிகளில் சேர்க்கும் டவ்காட், டேட்டாபேஸாக மரியாடிபி ஓடுகிறது. அதில் மூன்று டொமைன். பெயர்களை மாற்றி எழுதுகிறேன்: கடை.காம், பட்டறை.இன், அறக்கட்டளை.ஆர்க். முதல் இரண்டிலும் வேலை பார்ப்பவர்களுக்கு நிஜப் பெட்டிகள் உண்டு, எல்லாம் டேட்டாபேஸில் இருக்கின்றன. அறக்கட்டளைக்குப் பெட்டியே வேண்டாம் என்கிறார்கள். அதற்கு வரும் மெயில் அறங்காவலர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் ஜிமெயில் முகவரிகளுக்குப் போனால் போதுமாம்.

எனக்கு வேண்டிய அலியாஸ்கள் (ஒரு முகவரிக்கு வரும் மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் வரிகள்) இவைதான்:

இன்ஃபோ@கடை.காம் → விற்பனை@கடை.காம்
இன்ஃபோ@பட்டறை.இன் → மேலாளர்@பட்டறை.இன்
இன்ஃபோ@அறக்கட்டளை.ஆர்க் → அறங்காவலர்கள் இருவரின் ஜிமெயில்

/ஈடிசி/அலியாசஸ் கோப்பில் ‘இன்ஃபோ:’ என்று ஒரு வரி போட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நியூஅலியாசஸ் கட்டளையை ஓட்டினேன். அறக்கட்டளைக்கு வேலை செய்கிறது, மற்ற இரண்டும் திரும்பிவிடுகின்றன. /ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/விர்ச்சுவல் கோப்பிலும் எழுதிப் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. லாக்கில் வருவது:

550 5.1.1 <இன்ஃபோ@பட்டறை.இன்>: ரெசிபியன்ட் அட்ரஸ் ரிஜெக்டட்: யூசர் அன்னோன் இன் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிள்

ஒரே பெயரை மூன்று டொமைனுக்கும் மூன்று இடத்துக்கு எப்படிப் பிரிப்பது?

தபால்காரர்

தம்பி, ‘போஸ்ட்கான்ஃப் -என்’ ஓட்டி, மைடெஸ்டினேஷன், விர்ச்சுவல் என்று தொடங்கும் வரிகளை மட்டும் இங்கே போடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பை அப்படியே ஒட்ட வேண்டாம். அதில் நாம் எழுதியது ஒன்று, போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொண்டது இன்னொன்று என்று இருக்கும். ஒரே வரி இரண்டு தடவை இருந்தால் கடைசியில் வருவதுதான் செல்லும். விர்ச்சுவல் கோப்பில் ஒரு வரியும் மாதிரிக்கு வேண்டும், இடைவெளி, குறி எதையும் திருத்தாமல்.

நெல்லை_நிர்வாகி

மைடெஸ்டினேஷன் = $மைஹோஸ்ட்நேம், லோக்கல்ஹோஸ்ட், அறக்கட்டளை.ஆர்க்
விர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸ் = ப்ராக்ஸி:மைஎஸ்க்யூஎல்:(டொமைன் டேபிள்)
விர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_மேப்ஸ் = ப்ராக்ஸி:மைஎஸ்க்யூஎல்:(பெட்டி டேபிள்)
விர்ச்சுவல்_அலியாஸ்_மேப்ஸ் = ப்ராக்ஸி:மைஎஸ்க்யூஎல்:(அலியாஸ் டேபிள்)
விர்ச்சுவல்_டிரான்ஸ்போர்ட் = எல்எம்டிபி:யுனிக்ஸ்:(டவ்காட் சாக்கெட்)

விர்ச்சுவல் கோப்பில்:

இன்ஃபோ@பட்டறை.இன்: மேலாளர்@பட்டறை.இன்

இதை எழுதிவிட்டு நியூஅலியாசஸ் ஓட்டினேன்.

தபால்காரர்

விஷயம் தெரிந்துவிட்டது. மூன்று கோளாறு ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. அவற்றைத் தனித்தனியாகத் திருத்துவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பிடிபடாமல் எத்தனை பேர் இணையத்தில் கிடைத்த வரிகளை மேலும் மேலும் ஒட்டி, கடைசியில் செர்வரையே அழித்து மறுபடி நிறுவுகிறார்கள் என்று பார்த்துவிட்டேன்.

போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு முகவரியில் @ குறிக்கு வலப்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கும். அந்த டொமைன் ஐந்து வகுப்பில் எதைச் சேர்ந்தது என்று முடிவு கட்டிய பிறகே, இந்தப் பெயரில் ஆள் உண்டா என்று எந்தப் பட்டியலைப் புரட்டுவது என்பது அதற்குத் தெரியும். மைடெஸ்டினேஷனில் இருந்தால் லோக்கல். விர்ச்சுவல்_அலியாஸ்_டொமைன்ஸில் இருந்தால், பெட்டியே இல்லாத, வேறு இடத்துக்கு அனுப்ப மட்டுமே இருக்கும் டொமைன். விர்ச்சுவல்_மெயில்பாக்ஸ்_டொமைன்ஸில் இருந்தால் பெட்டியுள்ள டொமைன். ரிலே_டொமைன்ஸில் இருந்தால் இன்னொரு செர்வருக்குக் கை மாற்றிவிட வேண்டியது. இவை நான்கிலும் இல்லாதது வெளியூர் டொமைன், அது ஐந்தாவது. ஒரு டொமைன் ஒரே வகுப்பில்தான் இருக்க வேண்டும். இரண்டில் எழுதினால், ‘டு நாட் லிஸ்ட் டொமைன்’ என்று தொடங்கி இரண்டு பட்டியலின் பெயரையும் சொல்லி லாக்கில் எச்சரிக்கை வரும்.

பிழைச் செய்தியின் வாலைப் பாருங்கள். டொமைனை எந்த வகுப்பில் வைத்திருக்கிறீர்கள் என்பதை அதுவே சொல்லிவிடும். ‘லோக்கல் ரெசிபியன்ட் டேபிள்’ என்று முடிந்தால் டொமைன் மைடெஸ்டினேஷனில் இருக்கிறது. ‘விர்ச்சுவல் அலியாஸ் டேபிள்’ என்றால் அலியாஸ் டொமைன், ‘விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டேபிள்’ என்றால் பெட்டி டொமைன். வெளியிலிருந்து வரும் மெயிலுக்கு ‘554 5.7.1 ரிலே ஆக்சஸ் டினைட்’ என்று விழுந்தால் உங்கள் செர்வருக்கு அந்த டொமைனையே தெரியவில்லை என்று பொருள். அப்போது அலியாஸ் கோப்பை எவ்வளவு திருத்தினாலும் வேலைக்காகாது.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம்.

அறக்கட்டளை.ஆர்க் மைடெஸ்டினேஷனில் இருக்கிறது, அதனால் லோக்கல் வகுப்பு. /ஈடிசி/அலியாசஸ் அந்த வகுப்புக்கு மட்டும் உரிய கோப்பு. அதற்கு டொமைன் என்று ஒன்று இருப்பதே தெரியாது, இடப்பக்கத்துப் பெயர் மட்டுமே தெரியும். மைடெஸ்டினேஷனில் நாளைக்கு இன்னொரு டொமைனைச் சேர்த்தால் அதன் இன்ஃபோவும் இதே இரண்டு அறங்காவலருக்குத்தான் போகும். இதைவிட மோசமான ஒன்று உண்டு: லோக்கல் வகுப்பில் அந்த மெஷினின் யுனிக்ஸ் கணக்கு ஒவ்வொன்றும் செல்லுபடியாகும் முகவரி. ரூட்@அறக்கட்டளை.ஆர்க், பேக்கப்@அறக்கட்டளை.ஆர்க் எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து மெயில் உள்ளே வரும். ஒரு அறக்கட்டளையின் டொமைனுக்கு இது தேவையே இல்லை.

இரண்டாவது, விர்ச்சுவல் கோப்பை எழுதினீர்களே தவிர, அதைப் படி என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லவில்லை. விர்ச்சுவல்_அலியாஸ்_மேப்ஸில் டேட்டாபேஸ் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவது, விர்ச்சுவல் கோப்பில் முக்காற்புள்ளி வரக் கூடாது. இடப்பக்கம் முழு முகவரி, ஒரு இடைவெளி, வலப்பக்கம் போக வேண்டிய முகவரி, அவ்வளவுதான். முக்காற்புள்ளி /ஈடிசி/அலியாசஸின் பழக்கம். நியூஅலியாசஸும் அந்தக் கோப்புக்கு மட்டும்தான். விர்ச்சுவலுக்கு போஸ்ட்மேப் என்ற கட்டளை. நீங்கள் போஸ்ட்மேப் ஓட்டியிருந்தால், ‘இது அலியாஸ் கோப்பா?’ என்று அதுவே கேட்டிருக்கும்.

மாற்ற வேண்டியது:

மைடெஸ்டினேஷன் = $மைஹோஸ்ட்நேம், லோக்கல்ஹோஸ்ட்
விர்ச்சுவல்_அலியாஸ்_டொமைன்ஸ் = அறக்கட்டளை.ஆர்க்
விர்ச்சுவல்_அலியாஸ்_மேப்ஸ் = ஹேஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/விர்ச்சுவல், ப்ராக்ஸி:மைஎஸ்க்யூஎல்:(அலியாஸ் டேபிள்)

விர்ச்சுவல்_அலியாஸ்_டொமைன்ஸ் வரியை விட்டுவிடாதீர்கள். அதை எழுதாவிட்டால் அதன் இயல்பு மதிப்பு $விர்ச்சுவல்_அலியாஸ்_மேப்ஸ். சென்ட்மெயில் என்ற பழைய மெயில் நிரலின் காலத்து முறை அது. டொமைன் பெயரையே டேபிளில் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கம் ‘எனிதிங்’ என்று எதையாவது போட்டு வைப்பார்கள். பழைய கையேடுகளில் இப்போதும் அந்த வரியைப் பார்க்கலாம். வெளிப்படையாக எழுதிவிட்டால் அது தேவையில்லை.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடை.காம், பட்டறை.இன் இரண்டும் பெட்டி டொமைனாகவே இருக்கட்டும். இன்ஃபோவுக்காக அவற்றை அலியாஸ் டொமைன் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அலியாஸ் மேப்ஸ் எல்லா வகுப்புக்கும் பொது. மெயில் க்யூவில் விழும் முன்பே க்ளீன்அப் என்ற நிரல் அதைப் பார்த்து முகவரியை மாற்றிவிடும். கிடைத்த பதிலையும் மறுபடி தேடும், அதற்கு மேல் பதில் இல்லாத வரைக்கும்.

சிவகாசி_செர்வர்

இவ்வளவு எதற்கு? ‘@பட்டறை.இன் மேலாளர்@பட்டறை.இன்’ என்று ஒரே வரி போட்டால் எல்லாம் ஒரே பெட்டிக்கு வந்துவிடுமே. யாராவது முகவரியைத் தப்பாக அடித்தாலும் மெயில் தொலையாது. ஆர்டர் தொழிலில் ஒரு மெயில் தவறினால் வாடிக்கையாளரே போய்விடுவார். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தபால்காரர்

ஒரு மெயிலும் தவறக் கூடாது என்பதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். அதற்கு இந்த வழி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பெட்டி டொமைனில் அந்த ஒரே வரியைப் போட்ட உடனே நடக்கப்போவதைச் சொல்கிறேன்.

கணக்கு@பட்டறை.இன் என்று நிஜமாகவே ஒரு பெட்டி இருக்கிறது என்று வையுங்கள். அவருக்கு மெயில் வருகிறது. க்ளீன்அப் முதலில் கணக்கு@பட்டறை.இன் என்ற முழு முகவரியை அலியாஸ் மேப்ஸில் தேடும். இல்லை. அடுத்து @பட்டறை.இன் என்று தேடும். இருக்கிறது! உடனே முகவரி மேலாளர் என்று மாறிவிடும். பெட்டி டேபிளைப் பார்க்கும் கட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகக் கணக்கருக்கு அன்றிலிருந்து ஒரு மெயிலும் வராது, எல்லாம் மேலாளர் பெட்டியில் விழும். பிழை வராது, திரும்பி வரும் மெயிலும் கிடையாது. சம்பள விவரம் போன்றவை யார் கண்ணில் படும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியும் அந்த வரி வேண்டும் என்றால், நிஜப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் தன்னையே காட்டும் வரி ஒன்று எழுத வேண்டும்:

கணக்கு@பட்டறை.இன் கணக்கு@பட்டறை.இன்

பதில் அதே முகவரியாக இருந்தால் தேடல் அங்கே நின்றுவிடும். அலியாஸ் மேப்ஸில் எத்தனை டேபிள் இருந்தாலும் முழு முகவரியை அத்தனையிலும் தேடி முடித்த பிறகுதான் @டொமைன் வடிவத்துக்கு வரும். அதனால் இந்த வரிகள் எந்த டேபிளில் இருந்தாலும் சரி.

அடுத்தது ஸ்பாம். அகராதியில் உள்ள பெயர்களை எல்லாம் டொமைனுக்கு முன்னால் ஒட்டி அடித்துப் பார்ப்பவர்கள் எப்போதும் உண்டு. இல்லாத பெயருக்கு 550 சொல்லி வாசலிலேயே அனுப்பிவிடுவதுதான் நமக்கு இருக்கும் மலிவான, உறுதியான பாதுகாப்பு. ஒரே வரியில் அதைத் தூக்கி எறிகிறோம். அதோடு, முகவரியைத் தப்பாக அடித்த வாடிக்கையாளருக்கு அந்த 550 நல்லதுதான் செய்கிறது. அவருக்கு உடனே தெரிகிறது, திருத்தி மறுபடி அனுப்புகிறார். யாரும் பார்க்காத பெட்டியில் விழுந்தால் அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்.

எந்தத் தப்புகள் அடிக்கடி வருகின்றன என்று லாக்கில் பாருங்கள், அவற்றுக்கு மட்டும் அலியாஸ் போடுங்கள். ஆர்டர், ஆர்டர்ஸ், சேல்ஸ், சேல் என்று நாலைந்து வரியில் முடிந்துவிடும்.

நெல்லை_நிர்வாகி

அண்ணா, மாற்றிவிட்டேன். முக்காற்புள்ளியை எடுத்து, போஸ்ட்மேப் ஓட்டி, போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட் செய்தேன். மூன்று இன்ஃபோவும் மூன்று இடத்துக்குச் சரியாகப் போகின்றன. லாக்கில் இப்போது இப்படி வருகிறது:

டு=<மேலாளர்@பட்டறை.இன்>, ஒரிக்_டு=<இன்ஃபோ@பட்டறை.இன்>, ரிலே=... ஸ்டேட்டஸ்=சென்ட்

இந்த ஒரிக்_டு முன்பு வந்ததில்லை. எழுதியவர் அடித்த முகவரி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வரி சேர்க்கும்போதும் ரீலோட் செய்ய வேண்டுமா?

தபால்காரர்

ஆமாம், ஒரிக்_டு என்பது அலியாஸ் மாற்றும் முன் இருந்த முகவரி. டேபிளில் வரி சேர்த்தால் போஸ்ட்மேப் மட்டும் போதும், கோப்பு மாறியதைப் போஸ்ட்ஃபிக்ஸே கவனித்துக்கொள்ளும். மெயின்.சிஎஃப் மாறினால்தான் ரீலோட். ‘ஹேஷ்’ என்பது பெர்க்லி டிபி. புதிய லினக்ஸ் வெளியீடுகள் சில அதைக் கைவிட்டு ‘எல்எம்டிபி’ (LMDB) என்ற டேபிள் வகைக்குப் போய்விட்டன; உங்கள் டிரான்ஸ்போர்ட் வரியில் இருக்கும் எல்எம்டிபி (LMTP) வேறு. ‘போஸ்ட்கான்ஃப் -எம்’ ஓட்டினால் உங்கள் மெஷினில் என்னென்ன வகை இருக்கிறது என்று தெரியும்.

யாழ்_வலை

தபால்காரர் அண்ணை சொன்னதோட ஒண்டைச் சேர்க்கிறன். டேட்டாபேஸ் இருக்கேக்க அலியாஸை ரெண்டு இடத்தில வைச்சிருந்தா, ஆறு மாதம் கழிச்சு எது எங்க எண்டு தேடுறதே வேலையாப் போயிடும். எல்லாத்தையும் ஒரு டேபிளுக்கே கொண்டு போங்கோ. மூலம், இலக்கு எண்டு ரெண்டு நெடுவரிசை போதும். க்வெரியும் நேரானது: மூலம் = '%எஸ்' எண்டு கேட்டு இலக்கை எடுக்கிறது. ஒரு மூலத்துக்கு ரெண்டு வரி இருந்தா போஸ்ட்ஃபிக்ஸ் ரெண்டையும் எடுத்துக்கொள்ளும், அறங்காவலர் ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு வரி போடலாம். ஒராள் மாறினா அந்த வரியை மட்டும் அழிச்சா சரி.

க்வெரியில %யு (முகவரியின்ர இடப்பக்கப் பெயர்) போட்டா ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. இடப்பக்கம் வெறுமையா இருக்கிற @டொமைன் தேடலுக்கு அந்த க்வெரி ஓடவே ஓடாது. கனபேர் இதில மாட்டுப்பட்டு நிக்கிறதைப் பாத்திருக்கிறன்.

டேபிளைச் சோதிக்க மெயில் அனுப்பிப் பாக்கத் தேவையில்லை. ‘போஸ்ட்மேப் -க்யூ’ எண்டு போட்டு, முகவரியையும் டேபிள் பெயரையும் குடுத்தா அந்த டேபிள் என்ன பதில் சொல்லுது எண்டு உடனே தெரியும். ஆனா அது ஒரு படி மட்டும்தான் பாக்கும். அலியாஸுக்குள்ள அலியாஸ் இருந்தா, போஸ்ட்ஃபிக்ஸோட வாற ‘சென்ட்மெயில் -பிவி’ கட்டளைக்கு முகவரியைக் குடுங்கோ. மெயில் போகாது, கடைசியில எங்க போய்ச் சேரும் எண்டு ஒரு அறிக்கை உங்கட பெட்டிக்கு வரும்.

நெல்லை_நிர்வாகி

மிக்க நன்றி. டேட்டாபேஸுக்கே மாற்றிவிடுகிறேன்.

இப்போது வேறொரு தொல்லை. அறக்கட்டளையின் மெயில் ஜிமெயிலுக்குப் போகிறதே தவிர, சில அனுப்புநர்களின் மெயில் மட்டும் ஸ்பாமில் விழுகிறது, சிலது மறுக்கப்படுகிறது. மறுக்கும் செய்தியில் எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் எந்த ஐபிகள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) என்று இருக்கிறது. எங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப் ரெக்கார்டு சரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

கோவை_கணினி

உங்கள் எஸ்பிஎஃப்புக்கு இதில் வேலையே இல்லை நண்பரே. ஒரு நன்கொடையாளர் தன் கம்பெனி முகவரியிலிருந்து இன்ஃபோ@அறக்கட்டளை.ஆர்க் முகவரிக்கு எழுதுகிறார். உங்கள் செர்வர் அதை வாங்கி, உறையின் மேல் (மெயிலைக் கை மாற்றும்போது செர்வர்கள் சொல்லிக்கொள்ளும் முகவரியில்) அவர் முகவரியை அனுப்புநராக அப்படியே வைத்து ஜிமெயிலுக்குக் கொடுக்கிறது. ஜிமெயில் அவருடைய டொமைனின் எஸ்பிஎஃப்பைப் பார்க்கிறது. அதில் உங்கள் ஐபி எப்படி இருக்கும்? எஸ்பிஎஃப் விதிமுறைப்படி ஃபார்வர்டு எல்லாமே இப்படித்தான் விழும்.

இதற்கு எஸ்ஆர்எஸ் என்று ஒரு வழி உண்டு. போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற சிறு நிரலை நிறுவினால், வெளியார் அனுப்பிய மெயிலை ஃபார்வர்டு செய்யும்போது உறையின் அனுப்புநர் முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதும். டெலிவரி தோல்வி அறிவிப்பு வந்தால் பழைய முகவரிக்குத் திருப்பியும் விடும். போஸ்ட்ஃபிக்ஸில் சென்டர்_கனானிகல்_மேப்ஸ், ரெசிபியன்ட்_கனானிகல்_மேப்ஸ் இரண்டையும் அதோடு இணைக்க வேண்டும். சென்டர்_கனானிகல்_க்ளாசஸ் = என்வலப்_சென்டர் என்ற வரி கட்டாயம். விட்டுவிட்டால் ஃப்ரம் ஹெடரையும் மாற்றிவிடும், படிப்பவருக்கு யார் எழுதியது என்றே தெரியாது. உங்கள் மூன்று டொமைனையும் அதன் விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

எஸ்ஆர்எஸ் எஸ்பிஎஃப்பைத்தான் சரிசெய்யும். டிமார்க் என்ற இன்னொரு சோதனை பார்ப்பது ஃப்ரம் ஹெடரில் இருக்கும் டொமைனை. ஃபார்வர்டில் அதைக் காப்பாற்றுவது மூல அனுப்புநரின் டிகேஐஎம் கையெழுத்து (அவர் செர்வர் மெயிலில் இடும் மின்கையெழுத்து) மட்டும்தான். அதனால் சப்ஜெக்டில் ‘[அறக்கட்டளை]’ என்று முன்னொட்டு சேர்ப்பது, அடியில் ஒரு வரி ஒட்டுவது எதுவும் கூடாது. ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து உடைந்துவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இந்தச் சோதனைகளை இன்னும் கண்டிப்பாகப் பார்க்கின்றன.

தபால்காரர்

கோவை நண்பர் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் என் யோசனை, அறக்கட்டளைக்கு ஃபார்வர்டே வேண்டாம் என்பது.

காரணத்தைச் சொல்கிறேன். அலியாஸ் மாற்றம் க்ளீன்அப்பிலேயே நடந்துவிடுகிறது. ஜிமெயிலுக்குப் போக வேண்டிய மெயில் டவ்காட் பக்கம் எட்டியே பார்க்காது. அங்கே சீவ் என்ற வடிகட்டும் விதி எழுதி ஸ்பாமைப் பிரிக்கிறீர்கள் என்றால் இந்த மெயிலுக்கு அது கிடைக்காது. ஆர்ஸ்பாம்டி போல மில்ட்டராக, மெயிலை வாங்கும்போதே பார்த்து மறுக்கும் ஏற்பாடு இருந்தால்தான் தடுக்க முடியும். தடுக்காமல் விட்ட ஸ்பாமை எல்லாம் உங்கள் ஐபி ஜிமெயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஜிமெயில் பார்வையில் அனுப்புவது நீங்கள். நாளடைவில் கடை, பட்டறை இரண்டின் மெயிலும் சேர்ந்து அடி வாங்கும்.

அறங்காவலர்களுக்கு உங்கள் செர்வரிலேயே ஒரு பெட்டி கொடுங்கள். அறக்கட்டளை.ஆர்க் டொமைனை அலியாஸ் வகுப்பிலிருந்து எடுத்துப் பெட்டி வகுப்பில் போடுங்கள். அவர்கள் போனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பிலேயே ஐமேப் கணக்காக அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்குப் புது ஆப் பழக வேண்டிய தேவை இல்லை. நன்கொடை ரசீது கேட்டு வரும் மெயில்கள் யாருடைய தனிப்பட்ட கணக்கிலும் போய்ச் சேராமல் அறக்கட்டளையிடமே இருக்கும். அறங்காவலர் மாறும்போது இதன் அருமை தெரியும்.

நெல்லை_நிர்வாகி

அந்தக் கடைசிக் காரணத்தை அவர்களிடம் சொன்னேன், உடனே சம்மதித்துவிட்டார்கள். பெட்டி வகுப்புக்கு மாற்றுகிறேன்.

கோவை_கணினி

இழை ஓடும்போதே என் சந்தேகம் ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் ‘மேலாளர் → மேலாளர், ஆவணம்’ என்று நகல் போகும்படி அலியாஸ் இருக்கிறது. ஆவணப் பெட்டியில் மட்டும் ஒவ்வொரு மெயிலும் இரண்டு தடவை விழுகிறது. அமாவிஸ் என்ற ஸ்பாம், வைரஸ் வடிகட்டி வழியாக விடுகிறோம்.

தபால்காரர்

அமாவிஸ்தான் காரணம். கான்டென்ட்_ஃபில்டராக வைத்திருப்பீர்கள். மெயில் முதலில் போஸ்ட்ஃபிக்ஸுக்குள் வரும்போது ஒரு தடவை அலியாஸ் விரிகிறது: மேலாளர், ஆவணம். அமாவிஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி விரிகிறது. மேலாளர் என்பது மீண்டும் மேலாளர், ஆவணம் ஆகிறது. ஏற்கெனவே ஓர் ஆவணம் இருந்தது, இப்போது இரண்டு.

இரண்டில் ஒரு இடத்தில் விரிவை நிறுத்துங்கள். மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் அந்த சேவைக்குக் கீழே ரிசீவ்_ஓவர்ரைட்_ஆப்ஷன்ஸ் = நோ_அட்ரஸ்_மேப்பிங்ஸ் என்று எழுத வேண்டும். அமாவிஸிலிருந்து திரும்பி வாங்கும் போர்ட்டில் போட்டால், விரிந்த முகவரிகளுக்கு ஏற்ப வடிகட்டும் விதிகள் வேலை செய்யும். முன்பக்கம் போட்டால் வெளியார் எழுதிய முகவரியையே அமாவிஸ் பார்க்கும். பெட்டிக்குப் பெட்டி விதி வைத்திருந்தால் முதலாவதுதான் உங்களுக்கு ஏற்றது. இரண்டு இடத்திலும் போட்டுவிடாதீர்கள், அலியாஸே வேலை செய்யாது.

அமாவிஸ் இல்லாதவர்களுக்கும் இரட்டை மெயில் வரலாம். ஒருவர் இன்ஃபோ, சேல்ஸ் இரண்டுக்கும் ஒரே மெயிலை அனுப்பி, இரண்டும் ஒரே பெட்டிக்குப் போனால் இரண்டு நகல் வரும். மூல முகவரி வேறு என்பதால் போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை வெவ்வேறு என்று எடுத்துக்கொள்கிறது. எனேபிள்_ஒரிஜினல்_ரெசிபியன்ட் = நோ என்று வைத்தால் ஒன்றாகிவிடும். ஆனால் எந்த முகவரிக்கு வந்தது என்று சொல்லும் எக்ஸ்-ஒரிஜினல்-டு ஹெடரை இழப்பீர்கள். நான் நகலைப் பொறுத்துக்கொண்டு ஹெடரை வைத்துக்கொள்வேன்.

சிவகாசி_செர்வர்

பொறுமையாக விளக்கியதற்கு நன்றி அண்ணா, அந்த @ வரியை எடுத்துவிட்டேன். அலியாஸில் வந்ததற்கு அதே அலியாஸ் பெயரில் பதில் அனுப்ப முடியவில்லை. ‘553 5.7.1 சென்டர் அட்ரஸ் ரிஜெக்டட்: நாட் ஓன்ட் பை யூசர்’ என்கிறது.

யாழ்_வலை

அது நல்ல காவல், கழட்டிப் போடாதேங்கோ. ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச் எண்ட விதி, லாகின் செய்து உள்ள வந்த ஆளும் உறையில போடுற அனுப்புநர் முகவரியும் ஒத்துப் போகுதா எண்டு பாக்குது. அது பாக்கிற டேபிள் எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ். இடப்பக்கம் அனுப்புநர் முகவரி, வலப்பக்கம் ஆரார் அதைப் பாவிக்கலாம் எண்ட லாகின் பெயர்கள். அலியாஸ் டேபிளையே இங்கயும் குடுத்தா கனபேருக்குச் சரிவரும்: இன்ஃபோவின்ர மெயில் ஆருக்குப் போகுதோ அவர் இன்ஃபோவா எழுதலாம். நிஜப் பெட்டிக்காரர் தங்கட பெயரில எழுத, பெட்டி டேபிளையும் ரெண்டாவதாச் சேருங்கோ, க்வெரி முகவரியையே பதிலாத் தரவேணும். அவங்களை மறந்தா ஒருத்தரும் மெயில் அனுப்பேலாது.

தமிழ் டொமைன் வைச்சிருக்கிறவைக்கும் ஒண்டு சொல்லவேணும். இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் மூண்டுக்கும் தமிழிலேயே உயர்நிலை டொமைன் இருக்கிறதால இனி இது கூடுதலா வரும். போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0 பதிப்பில இருந்தே எஸ்எம்டிபியுடிஎஃப்8 (தமிழ் போல ஆங்கிலமல்லாத எழுத்து முகவரிக்கான வசதி) ஆதரவு இருக்கு. ஆனா டேபிளில தேடேக்க தமிழ் வடிவத்தையும் எக்ஸ்என் எண்டு தொடங்கிற ஆஸ்கி வடிவத்தையும் அது ஒண்டா எடுக்காது. டொமைன் பட்டியலிலயும் அலியாஸிலயும் ரெண்டையும் எழுதுங்கோ. தமிழ் முகவரியை அலியாஸா வைச்சு ஆங்கிலப் பெட்டிக்கு விட்டா முடிஞ்சுது எண்டும் நினைக்காதேங்கோ. டு ஹெடரில தமிழ் அப்பிடியே இருக்கும். வாங்கிற முனை அந்த வசதியை அறிவிக்காட்டி ‘எஸ்எம்டிபியுடிஎஃப்8 இஸ் ரிக்வயர்ட்’ எண்டு திரும்பி வந்திடும். டவ்காட்டுக்கு மெயில் குடுக்கிற உங்கட எல்எம்டிபி (LMTP) முனை அதை அறிவிக்குதா எண்டு முதலில பாருங்கோ.

நெல்லை_நிர்வாகி

எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டேன், அறக்கட்டளையும் பெட்டி வகுப்புக்கு வந்துவிட்டது. மூன்று டொமைனுக்கும் போஸ்ட்மாஸ்டர், அப்யூஸ் இரண்டையும் அலியாஸாக என் பெட்டிக்கு வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? பட்டறையில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் முகவரிக்கு இன்னும் மெயில் வருகிறது. மேலாளருக்கு அலியாஸ் போடவா, நீக்கிவிடவா?

தபால்காரர்

போஸ்ட்மாஸ்டரைக் கேட்காமலேயே வைத்ததற்குப் பாராட்டு, அதை மெயில் பரிமாற்ற விதிமுறையான ஆர்எஃப்சி 5321 கட்டாயம் என்கிறது. அறக்கட்டளையை மாற்றியபோது விர்ச்சுவல்_அலியாஸ்_டொமைன்ஸிலிருந்து அதை எடுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள். அந்த வரி காலியாக இருந்தாலும் இருக்கட்டும், அழித்துவிடாதீர்கள்.

வேலையை விட்டவருக்குக் கொஞ்ச காலம் மேலாளருக்கு அலியாஸ் வையுங்கள். அதற்கு எழுதுபவர்களுக்குப் புது முகவரியைச் சொல்லிப் பதில் எழுத மேலாளரிடம் சொல்லுங்கள். பிறகு அலியாஸ் வரியை எடுத்துவிட்டு, ரிலொகேட்டட்_மேப்ஸ் என்ற டேபிளில் பழைய முகவரியையும் புது முகவரியையும் எழுதுங்கள். யாராவது பழையதற்கு அனுப்பினால் ‘5.1.6 யூசர் ஹாஸ் மூவ்ட் டு’ என்று புது முகவரியோடு அவருக்கே திரும்பிப் போகும். வேலையை விட்டவரின் பெயர் சென்டர் லாகின் டேபிளில் இருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.